மெத்தைமேல் வைத்த மடிக்கணினி



சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலையில் பசியாறிவிட்டு மாணவர்களின் பயிற்சி நூல்களைத் திருத்திக்கொண்டிருந்தேன். வாசலில் மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. எட்டிப் பார்த்தால், நம் தோட்டத்தில் செம்பனைக் குலை வெட்டும் அண்ணன் ஒருவர். பின்னால் அவர் மனைவி. அந்த அக்காவின் மடியில், பிறந்த பிள்ளையைச் சுற்றி எடுத்து வந்தாற்போல், துவாலையில் சுற்றிய ஒரு பொருள்.

"சார், இதைக் கொஞ்சம் பாருங்க. டவுன் கடையில காட்டினோம். உள்ளுக்கு போர்டு போயிருச்சாம். மாத்த 1,200 வெள்ளி ஆகுமாம். இல்லாட்டிப் புதுசு வாங்கிடுங்கன்னு சொல்றான்," என்றார் அண்ணன்.

அக்கா பேசவில்லை. அவர் கை கழுத்துச் சங்கிலியைத் தடவிக்கொண்டே இருந்தது. மறுநாள் அடகுக் கடை எத்தனை மணிக்குத் திறக்கும் என்று விசாரித்துவிட்டுத்தான் என்னிடம் வந்திருக்கிறார்கள் என்பது பிறகு தெரிந்தது.

துவாலையைப் பிரித்தேன். மடிக்கணினி. அதுவும் 'கேமிங்' மடிக்கணினி என்று சொல்கிறார்களே, அந்த வகை. கனமான கறுப்புப் பெட்டி, விசைப்பலகையில் சிவப்பு வெளிச்சம். ஒன்றரை ஆண்டுகளுக்கு முன் 3,600 வெள்ளிக்கு வாங்கியது. மூன்றாண்டுத் தவணை. இன்னும் 18 மாதம் கட்ட வேண்டும்.

இந்த இடத்தில் என் குற்றம் ஒன்றையும் சொல்லியாக வேண்டும். அந்த வீட்டுப் பையன் பாலிடெக்னிக்கில் அசைவுப் படம் தயாரிக்கும் படிப்புப் படிக்கிறான். இந்தக் கணினியை வாங்குமுன் அண்ணன் என்னிடம் அபிப்பிராயம் கேட்டார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "படிக்கிற பிள்ளைக்கு விளையாட்டு மெஷின் எதுக்கு அண்ணே? சாதாரணமானதே போதும்," என்றேன். பையனுக்கு மனம் கசந்துவிட்டது. ஆனால் அவன் சொன்னதுதான் சரி. அசைவுப் படத்தை வரைந்து, வெளிச்சம் நிழல் எல்லாம் சேர்த்து முழுப் படமாக்க, வலுவான படச் சில்லு வேண்டும். அந்தச் சில்லு 'கேமிங்' என்று பெயர் போட்ட மடிக்கணினியில்தான் கட்டுப்படியாகும் விலைக்குக் கிடைக்கிறது. அன்று நான் பேசிய பேச்சால், கணினி மக்கர் செய்யத் தொடங்கிய பிறகும் அவன் என்னிடம் வரவில்லை. மூன்று வாரத்தில் இறுதியாண்டுப் படைப்பை ஒப்படைக்க வேண்டிய நிலையில், தானே தவித்துக்கொண்டிருந்திருக்கிறான்.

கணினியை என் மேசைமேல் வைத்து, மின்சாரம் கொடுத்து, கனமான வேலை ஒன்றை ஓடவிட்டேன். 20 நிமிடம் பார்த்தேன். ஒரு குறையும் இல்லை. போர்டு போன கணினி 20 நிமிடம் இப்படி ஓடுமா?

"பையனை வரச் சொல்லுங்கள்," என்றேன்.

வந்தான். என் முகத்தைப் பார்க்காமல் நின்றான். "தம்பி, இதை வீட்டில் எங்கே வைத்து வேலை செய்கிறாய்?" என்று கேட்டேன்.

"கட்டில்ல சார். மேசையில அம்மா தையல் மெஷின் இருக்கு."

பாதி விடை கிடைத்துவிட்டது. மாலை 3 மணிக்கு அவர்கள் வீட்டுக்கே போனேன். தகரக் கூரை, ஒரே சன்னல், பஞ்சு மெத்தை. அதன்மேல் கணினியை வைத்து அதே வேலையை ஓடவிட்டோம். ஏழெட்டு நிமிடத்தில் காற்றாடி விமானம் கிளம்புவதுபோல் இரைந்தது. படச் சில்லின் சூடு 87 பாகை. படம் விட்டு விட்டு இழுக்க ஆரம்பித்தது.

வாசகர்களே, இது ஏன் என்று புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் எளிது. மடிக்கணினிக்குள் முக்கியமான சில்லுகள் இரண்டு. ஒன்று எல்லாக் கணக்கையும் போடும் மூளைச் சில்லு. மற்றது திரையில் படம் வரையும் படச் சில்லு. கனமான வேலையில் மூளைச் சில்லு 45 வாட் அளவுக்கு மின்சாரம் இழுக்கும். படச் சில்லு பல மாடல்களில் 60 முதல் 115 வாட் வரை இழுக்கும். அத்தனையும் கடைசியில் சூடாகத்தான் மாறுகிறது. அந்தக் காலத்துக் குண்டு பல்பு, 75 வாட் பல்பு, நினைவிருக்கிறதா? எரிந்துகொண்டிருக்கும்போது தொட முடியுமா? அப்படி இரண்டு பல்புகளை ஒரு பிஸ்கட் டின்னுக்குள் வைத்து மூடியதுபோலத்தான் இந்தக் கணினியும். சூட்டை வெளியே தள்ள இரண்டு சிறு காற்றாடிகள் உண்டு. அவை பெரும்பாலும் அடிப்பாகத்திலிருந்து காற்றை இழுத்து, பின்பக்கமும் ஓரமும் வெளியே விடுகின்றன. மெத்தைமேல் வைத்தால் அடிப்பாகம் மெத்தையில் அமுங்கிவிடும். பிறகு எங்கிருந்து காற்று வரும்?

காற்று வராவிட்டால் சில்லு எரிந்துவிடுமா என்றால், எரியாது. தன்னைக் காத்துக்கொள்ளும் அறிவை அதற்குள்ளேயே வைத்திருக்கிறார்கள். பெரும்பாலான மூளைச் சில்லுகளுக்கு 95 அல்லது 100 பாகைதான் எல்லை. படச் சில்லுகளுக்கு எல்லை இன்னும் கொஞ்சம் குறைவு. எல்லையைத் தொட்டதும் சில்லு தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். நண்பகல் வெயிலில் குலை வெட்டுகிறவர், தலை சுற்றும்போல் இருந்தால் கழியைச் சாய்த்துவிட்டு நிழலில் உட்கார்வார் அல்லவா? அவருக்கு வேலை தெரியவில்லை என்றா சொல்வோம்? கணினி இழுத்தால் மட்டும் 'மெஷின் போச்சு' என்கிறோம். சூடு தணிந்ததும் அது தானாகவே பழைய வேகத்துக்கு வந்துவிடுகிறது. என் வீட்டு மேசைமேல் ஒழுங்காக ஓடியதன் ரகசியம் அதுதான்.

கடைக்காரர் ஏன் போர்டு என்று சொன்னார் என்பதை நான் ஆராயப் போவதில்லை. தெரியாமலும் சொல்லியிருக்கலாம். நான் அண்ணனிடம் கேட்டது ஒன்றே ஒன்று: "வாங்கிய ரசீது இருக்கிறதா?" அக்கா அரிசி டின்னுக்குப் பின்னாலிருந்து ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்தார். பிறப்புப் பத்திரம், தவணைச் சீட்டுகள், நடுவில் ரசீதும் உத்தரவாதச் சீட்டும். உத்தரவாதம் இரண்டாண்டு. இன்னும் ஆறு மாதம் பாக்கி! போர்டு உண்மையாகவே போயிருந்தாலும், அந்தக் கம்பெனியின் சேவை நிலையத்தில் காசில்லாமல் மாற்றிக் கொடுத்திருப்பார்கள். அக்கா சங்கிலியிலிருந்து கையை எடுத்தது அப்போதுதான்.

தாய்மார்களே, உங்கள் வீட்டில் இப்படி ஒரு பொருள் இருந்தால் அந்தச் சீட்டு எங்கே இருக்கிறதென்று இன்றே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். உத்தரவாதம் இருக்கும்வரை வெளிக்கடையில் திறக்க விடாதீர்கள்.

சரி, வைத்தியத்துக்கு வருவோம். முதல் வைத்தியம் இரண்டு மரக்கட்டை. அண்ணன் பின்கட்டுக்குப் போய், பழைய ரப்பர் விறகில் ஒரே அளவாக இரண்டு துண்டு அறுத்து வந்தார். தையல் மெஷினைச் சற்று நகர்த்தி மேசையில் இடம் பண்ணினோம். கணினியின் பின்பக்கத்தை இரண்டு விரல் உயரம் தூக்கி, கட்டைகளை இரு ஓரங்களிலும் வைத்தோம். காற்று இழுக்கும் துளைகளைக் கட்டை மறைக்கக் கூடாது. சுவரோடு ஒட்டியும் வைக்கக் கூடாது. பின்னால் ஒரு சாண் இடம் விட வேண்டும். இல்லாவிட்டால் வெளியே வந்த சூட்டையே அது மறுபடி உள்ளே இழுக்கும். காற்றாடி பொருத்திய தாங்கி கடையில் விற்கிறார்கள். வாங்கினால் தவறில்லை. ஆனால் முதலில் கட்டையை வைத்துப் பாருங்கள். வீட்டு மேசைக் காற்றாடியைப் பக்கத்திலிருந்து திருப்பிவிட்டாலும் நல்ல பலன் உண்டு.

இரண்டாவது தூசி. பையனின் கணினியில் வெளிக்காற்றுத் துளைகளை உற்றுப் பார்த்தால், சாம்பல் நிறத்தில் கம்பளிபோல் அடைத்திருந்தது. மெத்தைப் பஞ்சு, செம்மண் சாலைத் தூசி எல்லாம். உத்தரவாதம் இருப்பதால் நான் அடிமூடியைத் திறக்கவில்லை. கணினியை முழுவதும் அணைத்து, மின்கம்பியைக் கழற்றிவிட்டு, கையால் அழுத்தும் ரப்பர் ஊதியால் துளை வழியே ஊதினோம். திண்ணைக்குக் கொண்டு போய்ச் செய்ததால் வீடு தப்பியது. காற்றை வேகமாகப் பாய்ச்சும் டின் வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். உள்ளே இருக்கும் காற்றாடி அந்த வேகத்தில் தாறுமாறாகச் சுழலவிடக் கூடாது. மெல்லிய குச்சி ஒன்றால் அதைத் தடுத்துப் பிடித்துக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாக ஊத வேண்டும். மோட்டார் சைக்கிள் கடையில் டயருக்குக் காற்றடிக்கும் குழாயைப் பயன்படுத்தலாமா என்று அண்ணன் கேட்டார். கூடவே கூடாது. அந்தக் காற்றில் ஈரமும் எண்ணெயும் கலந்திருக்கும். வேகமும் அதிகம்.

உள்ளே சில்லின்மேல் ஒரு பசை தடவியிருப்பார்கள். சூட்டைச் சில்லிலிருந்து செம்புக் குழாய்க்குக் கடத்துவது அதுதான். மூன்று நான்கு ஆண்டுகளில் அது காய்ந்துபோகும். காய்ந்தால் எத்தனை கட்டை வைத்தாலும் சூடு இறங்காது. உத்தரவாதம் முடிந்தபின் தெரிந்த கடையில் கொடுத்து மாற்றலாம். ஆனால் சில விலையுயர்ந்த மாடல்களில் பசைக்குப் பதில் உருகிய உலோகம் போட்டிருக்கிறார்கள். அது ஒரு சொட்டுச் சிந்தினாலும் மின்சுற்று பழுதாகிவிடும். அத்தகையதை வீட்டில் கழற்றி வித்தை காட்ட வேண்டாம்.

அடுத்து மின்சாரம். இந்த வகைக் கணினி பேட்டரியில் மட்டும் ஓடும்போது முழு வலுவைக் காட்டாது. அவ்வளவு மின்சாரத்தைப் பேட்டரியால் கொடுக்க முடியாது. அதனால் கனமான வேலை என்றால் மின்கம்பி மாட்டியே செய்ய வேண்டும். அதுவும் கூட வந்த மின்மாற்றிப் பெட்டியோடு. இந்தக் கணினிகளின் மின்மாற்றி 150, 180, 230 வாட் என்று இருக்கும். அதன் அடியில் அச்சிட்டிருப்பார்கள். சென்ற ஆண்டு என் பழைய மாணவி ஒருத்தி, விடுதியில் பெட்டியை மறந்துவிட்டு வந்து, தோழியின் 65 வாட் யு.எஸ்.பி. சி சார்ஜரை மாட்டிக்கொண்டு 'கணினி நத்தையாகிவிட்டது சார்' என்று அழாக்குறையாகத் தொலைபேசியில் பேசினாள். பால் டின்னில் தண்ணீர் மொண்டு தொட்டியை நிரப்பப் பார்த்த கதைதான்.

பேட்டரியைப் பற்றியும் ஒரு வார்த்தை. எந்நேரமும் மின்கம்பி மாட்டியிருந்தால் பேட்டரி 100 விழுக்காட்டிலேயே சூட்டோடு கிடக்கும். இந்த லித்தியம் பேட்டரிகளுக்கு அது ஆகாது. அதனால்தான் 80 விழுக்காட்டோடு நிறுத்திக்கொள்ளும் வசதியைக் கம்பெனிக்காரர்களே தந்திருக்கிறார்கள். அசுஸ் என்றால் 'மை அசுஸ்' செயலியிலும், லெனோவோ என்றால் 'வாண்டேஜ்' செயலியிலும் கிடைக்கும். மற்றவற்றிலும் பேட்டரி என்ற தலைப்பில் தேடிப் பாருங்கள். என்றாவது மூடி சரியாக மூடாமல் நின்றாலோ, விரலால் தேய்க்கும் சதுரம் மேலெழும்பி வந்தாலோ, பேட்டரி வீங்கியிருக்கிறது என்று பொருள். அன்றே நிறுத்திவிட்டுச் சேவை நிலையத்துக்குக் கொண்டு போக வேண்டும். அழுத்திப் பார்ப்பதும் குத்திப் பார்ப்பதும் ஆபத்து.

நம் நாட்டு இடிமழை உங்களுக்குத் தெரியாததல்ல. வானம் இருண்டு இடி தொடங்கினால், சுவிட்சை மட்டும் அணைத்தால் போதாது. செருகியையே சுவரிலிருந்து கழற்றிவிடுங்கள். இணையப் பெட்டியின் கம்பி கணினியில் மாட்டியிருந்தால் அதையும் கழற்ற வேண்டும். ஒரே நீட்டுக் கம்பியில் சோற்றுக் குக்கர், இஸ்திரிப் பெட்டி, கணினி மூன்றையும் மாட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். என் வீட்டிலும் ஒரு காலத்தில் அப்படித்தான். என் மனைவி சோறு வைக்கும் நேரம் பார்த்து வினாத்தாள் தட்டச்சு செய்து, செருகி உருகிப்போனதிலிருந்து திருந்தினேன்.

இனி, கணினிக்குள்ளே செய்ய வேண்டிய வேலைகள். இதை நானும் பையனும் அன்று இரவு உட்கார்ந்து செய்தோம். தகரம் ஆறியபின் 9 மணிக்குத் தொடங்கினோம். முதலில் மௌனமாக என் பக்கத்தில் இருந்தவன், ஒரு மணி நேரம் கழித்து என் தவறுகளைத் திருத்தத் தொடங்கிவிட்டான். நல்ல அறிகுறி.

முதலில் கணினி எந்த வேகத்தில் ஓடும்படி வைக்கப்பட்டிருக்கிறது என்று பார்க்க வேண்டும். இவற்றில் அமைதி, நடுத்தரம், முழுவேகம் என்று மூன்று நிலைகள் உண்டு. காற்றாடிச் சத்தத்தில் தங்கை தூங்கமாட்டாள் என்று பையன் அதை 'அமைதி'யில் வைத்தவன், பிறகு மறந்தே போனான். லெனோவோவின் கேமிங் வகைகளில் 'எஃப் என்' விசையோடு 'கியூ' விசையை அழுத்தினால் நிலை மாறும். அசுஸ் டஃப் வகையில் 'எஃப் என்' விசையோடு 'எஃப் 5'. ஏசர் நைட்ரோவில் 'நைட்ரோ சென்ஸ்' என்ற செயலி. கனமான வேலைக்கு முழுவேகம், பாடம் எழுத அமைதி, இவ்வளவுதான் கணக்கு.

அடுத்து, கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் ஒருசேர அழுத்தினால் 'டாஸ்க் மேனேஜர்' திறக்கும். படச் சில்லின் சூட்டை அங்கேயே 'பெர்ஃபார்மன்ஸ்' பக்கத்தில் பார்க்கலாம். அதில் 'ஸ்டார்ட்அப்' என்ற பக்கத்தில், கணினியைத் திறந்ததும் அழைக்காமலே வந்து உட்காரும் செயலிகளின் பட்டியல் இருக்கும். பையனுடையதில் பதினான்கு. கிருமித் தடுப்பு மட்டும் இரண்டு! ஒரு வீட்டுக்கு இரண்டு காவல்காரர்களை வைத்தால் இருவரும் ஒருவரையொருவர் சந்தேகப்பட்டே பொழுதைப் போக்குவார்கள். விண்டோஸுடன் வரும் தடுப்பே போதும் என்று மற்றதை நீக்கினோம். தேவையற்றவற்றை 'டிசேபிள்' செய்தோம்.

மூன்றாவதுதான் பெரிய கண்டுபிடிப்பு. இந்தக் கணினிகளில் படம் வரைய இரண்டு சில்லுகள் இருக்கும். மூளைச் சில்லோடு சேர்ந்து வரும் சிறியது ஒன்று, காசு கொடுத்து வாங்கிய பெரியது ஒன்று. எந்தச் செயலி எதைப் பயன்படுத்த வேண்டும் என்று சில வேளைகளில் நாம்தான் சொல்ல வேண்டும். விண்டோஸ் அமைப்புகளில் 'சிஸ்டம்', அதில் 'டிஸ்பிளே', அதில் 'கிராஃபிக்ஸ்' என்று போய், செயலியைத் தேர்ந்து 'ஹை பெர்ஃபார்மன்ஸ்' என்று வைத்தால் பெரிய சில்லு வேலைக்கு வரும். பையன் படம் செய்வது பிளெண்டர் என்ற இலவசச் செயலியில். அதற்கென்று தனி அமைப்பு இருக்கிறது. 'பிரிஃபரன்சஸ்' என்பதில் 'சிஸ்டம்' பக்கத்தில் 'கூடா' அல்லது 'ஆப்டிக்ஸ்' என்பதைத் தேர்ந்தெடுத்து, பிறகு படமாக்கும் பக்கத்தில் 'ஜி.பி.யு.' என்று மாற்ற வேண்டும். மாற்றாவிட்டால் எல்லாச் சுமையும் மூளைச் சில்லின் தலையில். இத்தனை மாதமும் பையன் அதை மாற்றவே இல்லை! லோரியை வாங்கி நிறுத்திவிட்டுக் குலைகளைத் தலையில் சுமந்திருக்கிறான். மாற்றியபின் முதல் படம் முடிந்த வேகத்தைப் பார்த்து, "சார்!" என்று கத்திவிட்டான். தூங்கிக்கொண்டிருந்த தங்கை எழுந்துவிட்டாள்.

திரையையும் பாருங்கள். 144 ஹெர்ட்ஸ் என்று சொல்லி விற்ற திரை, பல வீடுகளில் 60-இலேயே ஓடிக்கொண்டிருக்கும். 'டிஸ்பிளே' பக்கத்தில் 'அட்வான்ஸ்ட்' என்பதில் மாற்றிக்கொள்ளலாம்.

நினைவகத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். மலிவாக விற்கும் மாடல்களில் 8 ஜி.பி. ஒரே அட்டையாக இருக்கும். பக்கத்தில் இன்னொரு இடம் காலியாகக் கிடக்கும். ஒருவழிப் பாலம் மாதிரி. அதே அளவில் இன்னொன்றைச் சேர்த்தால் இருவழியாகும். விளையாட்டிலும் படவேலையிலும் மாற்றம் நன்றாகவே தெரியும். டி.டி.ஆர். 4, டி.டி.ஆர். 5 என்று இரண்டு வகை உண்டு. ஒன்று மற்றதின் இடத்தில் பொருந்தாது. கடைக்குப் போகுமுன் உங்களுடையது எது என்று குறித்துக்கொண்டு போங்கள். விலை ஏறி இறங்கும், இரண்டு கடையில் விசாரியுங்கள்.

விளையாடும் பிள்ளைகளுக்கு: எல்லா அமைப்பையும் 'அல்ட்ரா'வில் வைத்துவிட்டுக் கணினியைத் திட்டாதீர்கள். முதலில் நிழலைக் குறையுங்கள். அதிகம் விழுங்குபவற்றில் அதுவும் ஒன்று, கண்ணுக்குத் தெரியும் வித்தியாசமோ குறைவு. என்விடியாவின் ஆர்.டி.எக்ஸ். சில்லு என்றால் 'டி.எல்.எஸ்.எஸ்.' என்ற வசதி இருக்கும். பழைய ஜி.டி.எக்ஸ். 1650 போன்றவற்றுக்கு, 2021-இல் வந்த 'எஃப்.எஸ்.ஆர்.' உதவும். சிறிய படமாக வரைந்து பெரிதாக்கிக் காட்டும் உத்தி இவை. விநாடிக்கு 60 படம் என்று வரம்பு வைத்துவிட்டால், கணினி 110-க்கும் 40-க்கும் நடுவே ஊஞ்சலாடாமல் ஒரே சீராக ஓடும். சூடும் குறையும். வீடு மிகவும் வெக்கையாக இருந்தால் இன்னொரு வழி உண்டு. மின்திட்ட அமைப்பில் மூளைச் சில்லின் உச்ச அளவை 100-இலிருந்து 99 ஆக்கினால், பலவற்றில் அதன் தாவல் வேகம் நின்று சூடு இறங்கும். சில புதிய மாடல்களில் இந்த வரி மறைந்திருக்கும்.

'லேக்' என்று பிள்ளைகள் கத்துகிறார்களே, அதில் இரண்டு வகை இருக்கிறது. கணினியே இழுப்பது ஒன்று. இணையம் இழுப்பது மற்றொன்று. இணையம் தேவையில்லாத விளையாட்டு ஒன்றை ஓடவிட்டுப் பாருங்கள். அது ஒழுங்காக ஓடினால் குற்றம் கணினியில் இல்லை, அலைவரிசையில். விளையாட்டுத் திரையில் 'பிங்' என்று ஓர் எண் காட்டும். 50-க்குக் கீழே இருந்தால் நலம். 150-ஐத் தாண்டினால் யார் வந்தாலும் தோற்பார்கள். இணையப் பெட்டி இருந்தால் கம்பி போட்டு மாட்டுங்கள். கைப்பேசியிலிருந்து இணையம் எடுப்பவர்கள், கைப்பேசியைச் சன்னலோரம் வையுங்கள். பக்கத்தில் இருக்கும் சேவையகத்தைத் தேர்ந்தெடுங்கள். நம் வட்டாரத்துக்குப் பல விளையாட்டுகளின் சேவையகம் சிங்கப்பூரில்தான் இருக்கிறது. லயத்தில் எல்லாரும் படம் பார்க்கும் இரவு 9 மணிக்கு அலைவரிசை நெரிந்தால், அதற்குப் புதுக் கணினி மருந்தல்ல.

ஒரு சொடுக்கில் வேகம் கூட்டித் தருவதாகச் சொல்லும் செயலிகளை நம்பாதீர்கள். பூட்டு உடைத்த விளையாட்டுகளும் வேண்டாம். அவற்றுக்குள் ஒளிந்து வரும் திருட்டு நிரல்கள் சில, உங்கள் படச் சில்லை வைத்து யாருக்கோ மின்காசு தோண்டிக்கொண்டிருக்கும். சும்மா இருக்கும்போதே காற்றாடி இரைந்தால் இதையும் சந்தேகிக்க வேண்டும். விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. இன்னும் அதில் இருப்பவர்கள், கணினி ஏற்குமானால் 11-க்கு மாறிவிடுங்கள்.

புதிதாக வாங்கப் போகிறவர்களுக்கு ஒன்றே ஒன்று சொல்வேன். சில்லின் பெயரை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். ஆர்.டி.எக்ஸ். 4060 என்ற ஒரே பெயரில் 35 வாட்டிலிருந்து 115 வாட் வரை வெவ்வேறு வலுவில் மடிக்கணினிகள் வருகின்றன. பெயர் ஒன்று, உழைப்பு வேறு. 'இதில் எத்தனை வாட்?' என்று கேளுங்கள். விற்பவருக்குத் தெரியாவிட்டால், தெரிந்தவர் இருக்கும் கடைக்குப் போங்கள்.

பையன் தன் படைப்பை நாள் தவறாமல் ஒப்படைத்துவிட்டான். அதற்குப் பிறகு கணினியைச் சேவை நிலையத்துக்குக் கொண்டு போய், உத்தரவாதம் முடியுமுன் உள்பக்கத்தையும் சுத்தம் செய்து வாங்கி வந்தான். இப்போது சனிக்கிழமைகளில் பள்ளிக்கு வந்து, என் ஐந்தாம் ஆறாம் ஆண்டு மாணவர்களுக்கு அசைவுப் படம் வரையக் கற்றுக் கொடுக்கிறான். எனக்கும் சேர்த்துத்தான்.

நேற்று அண்ணனைப் பிரட்டுக் களத்தில் பார்த்தேன். மேசையில் தையல் மெஷினுக்கும் கணினிக்கும் நேரம் பிரித்துக் கொடுத்தாயிற்றாம். மாலை அக்காவுக்கு, இரவு பையனுக்கு. "சார், அந்தக் கட்டை ரெண்டுக்கும் வார்னிஷ் அடிச்சா நல்லா இருக்குமா?" என்று கேட்டார். வேண்டாம் அண்ணே, சூட்டில் இளகி ஒட்டிக்கொள்ளும் என்றேன்.